விலை ஏறினால் ருசியும் ஏறுமா?



"ஏங்க, இந்த நெய்க்கு கிலோவுக்கு இத்தனை ரூபா கூடப் போட்டிருக்கீங்களே, அவ்வளவு ருசியா இருக்குமா?" கல்லாவில் உட்கார்ந்திருக்கும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நெய்யை விட்டால் டீத்தூள், அதை விட்டால் நல்லெண்ணெய், பெருங்காயம். நாமும் பழக்கதோஷத்தில் "காசுக்கு ஏத்த சரக்குங்க" என்று சொல்லிப் பொட்டலத்தை நீட்டி விடுகிறோம். அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதை நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை உலகில் அதிகமாகச் சோதித்துப் பார்த்திருப்பது மது வகைகளில்தான். நாம் யாரும் மது விற்பவர்கள் அல்ல. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்கள். ஆனாலும் ஒரே வகைச் சரக்கு நூறு மடங்கு விலை வித்தியாசத்தில் விற்பது மதுவில்தான். ஆகவே ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. நமக்கும் அதில் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

இன்னொரு விதத்திலும் மது விஷயம் நமக்கு அந்நியம் அல்ல. ராஜாஜி சென்னை மாகாண முதன்மை அமைச்சராக வந்தவுடன் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1ஆம் தேதி அது நடந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான். அப்போது ராசிபுரமும் சேலம் மாவட்டம்தான். கள்ளுக்கடை மூடியதால் போன வருமானத்தை ஈடு கட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. குடித்தவன் கொடுத்து வந்த காசை, அரிசி பருப்பு விற்றவன் சிட்டை எழுதிக் கட்ட ஆரம்பித்த கதை இது. மது பிறகு திரும்பி வந்தது. விற்பனை வரி போகவே இல்லை. பெயர் மாறி மாறி இன்று ஜி.எஸ்.டி. ஆக நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2017இல் வந்த ஜி.எஸ்.டி.க்குள் மதுபானம் வரவில்லை. அதற்கு மாநில அரசின் தனி வரிகள்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பாரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்று ஓர் ஆங்கிலேயர் ஒயின் கடை வைத்திருந்தார். அவரும் நம்மைப் போல ஒரு கடைக்காரர்தான். 1976 மே 24ஆம் தேதி அவர் ஒரு போட்டி வைத்தார். பிரான்சின் பேர்பெற்ற ஒயின்களையும், அப்போது யாரும் மதிக்காத அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின்களையும் லேபிள் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார். மதிப்பெண் போட்ட ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அந்தத் துறையில் பழுத்தவர்கள். முடிவில் வெள்ளை ஒயினிலும் சிவப்பு ஒயினிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. நடுவர்களில் ஒருவர் கலிபோர்னியா சரக்கை வாயில் வைத்துவிட்டு, அப்பாடா மறுபடி பிரான்சுக்கு வந்து சேர்ந்தோம் என்கிற அர்த்தத்தில் பேசியதாக அங்கே இருந்த பத்திரிகையாளர் எழுதினார்.

ஒரு நாள் போட்டியை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம், ஒன்றரை டாலர் சொச்சம் முதல் 150 டாலர் வரை விலையுள்ள ஒயின்களை விலையும் பெயரும் மறைத்துக் கொடுத்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை வாங்கினார்கள். விலை கூடக்கூட ருசி கூடியதா? இல்லை. சாதாரண ஜனங்கள் விலை உயர்ந்ததை ஒரு பொடி குறைவாகவே விரும்பினார்கள். ஆனால் ஒயின் பற்றிப் பயிற்சி எடுத்தவர்களிடம் மட்டும் விலைக்கும் விருப்பத்துக்கும் கொஞ்சம் தொடர்பு இருந்தது. இதை நாம் மறைக்கக் கூடாது. பழகிய நாக்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கடைக்கு வருகிற நூறு பேரில் அப்படிப்பட்ட நாக்கு எத்தனை?

அந்தப் பழகிய நாக்கையும் கண் ஏமாற்றிவிடும். பிரான்சில் போர்தோ நகரில் ஒயின் படிப்பு படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினையே சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனைகளையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. நாக்கு சொல்வதற்கு முன்னால் கண் தீர்ப்பு எழுதிவிட்டது.

எல்லாவற்றிலும் நம்மை யோசிக்க வைப்பது கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு சோதனை. அதுவும் 2008இல் வெளியானது. இருபது பேரை மூளையைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, குழாய் வழியாக ஒயினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். ஐந்து விதம் என்று சொன்னார்கள். உண்மையில் மூன்றே விதம். 5 டாலர் ஒயினை ஒரு தடவை 5 டாலர் என்றும் இன்னொரு தடவை 45 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் ஒயினை ஒரு தடவை 90 என்றும் இன்னொரு தடவை 10 என்றும் சொன்னார்கள். விலை அதிகம் என்று சொன்னபோதெல்லாம் "இது நன்றாயிருக்கிறது" என்றார்கள். வாயால் சொன்னது மட்டும் அல்ல, சுகத்தை உணர்கிற மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்தது. சில வாரங்கள் கழித்து விலையே சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று.

அதாவது, அவர்கள் பொய் சொல்லவில்லை. விலைச்சீட்டே ருசியாக மாறி உள்ளே போயிருக்கிறது. இங்கேதான் வியாபாரிக்கு ஒரு தர்மசங்கடம் வருகிறது. விலை ஏற்றி விற்றால் வாங்குகிறவருக்கு நிஜமாகவே ருசி கூடுகிறது என்றால், ஏற்றி விற்பதில் என்ன தப்பு? இதற்குப் பிறகு வருவோம்.

முதலில், மதுவின் விலையில் என்னதான் அடங்கியிருக்கிறது என்று சரக்கைப் பிரித்துப் பார்ப்போம். நம் நாட்டில் பிராந்தி, ரம், விஸ்கி என்று விற்பவற்றில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் ஒன்றே. மோகனூர் சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்களுக்கு மொலாசஸ் வாசனை தெரியும். கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற அந்தக் கழிவுப் பாகைப் புளிக்க வைத்து, காய்ச்சி வடித்து, வாசனையும் ருசியும் இல்லாத சாராயமாகச் சுத்தம் செய்கிறார்கள். அதில் தண்ணீர், எரித்த சர்க்கரை நிறம், வாசனைச் சாறு சேர்த்தால் வேண்டிய பெயர் வைத்துக் கொள்ளலாம். ஐரோப்பாவில் தானியத்திலிருந்து வடித்து மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் விஸ்கி என்று பெயர் போட முடியும். நம்மூர் மொலாசஸ் விஸ்கியை அங்கே அந்தப் பெயரில் விற்க முடியாது. விலை ஏற ஏற தானியச் சாராயம் சேரும், இன்னும் ஏறினால் வெளிநாட்டுச் சரக்கு கொஞ்சம் சேரும். அதற்கு மேல் பாட்டில், அட்டைப்பெட்டி, விளம்பரம். எல்லாவற்றுக்கும் மேல் வரி. வரிக்கு ருசி கிடையாது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

விலை கூடுவதெல்லாம் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. ஸ்காட்லாந்தில் பீப்பாயில் வைத்த விஸ்கி வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. பெங்களூர் சூட்டில் அந்தச் சேதாரம் 10 சதவீதத்துக்கு மேல். பன்னிரண்டு வருடம் கிடக்க வைத்தால் முதலுக்கு வட்டி, கிடங்கு வாடகை, அளவுக் குறைவு எல்லாம் சேரும். நாம் பழைய அரிசியை ஏன் விலை ஏற்றி விற்கிறோம்? அதே கணக்குதான். பழைய அரிசி சாதம் குழையாமல் உதிரியாக வரும், அது நாக்குக்கே தெரிகிற வித்தியாசம். பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004இல் தன் மால்ட் விஸ்கியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் விற்க ஆரம்பித்தது. நம் ஊர்களில் கருவாடு விற்கிறவன் நாகப்பட்டினத்தில் கடை போட்டது போல! 2010ஆம் ஆண்டுக்கான விஸ்கி கையேட்டில் ஜிம் மரே என்ற ஆங்கிலேய விமர்சகர் அந்தக் கம்பெனியின் ஒரு சரக்குக்கு உலகிலேயே மூன்றாவது இடம் கொடுத்தார். ஊர்ப் பெயரைக் கேட்டு விலை போடுகிறவர்கள் முதலில் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ருசி விலையைச் சொல்லாது என்பதோடு நின்றால் இது வேடிக்கைக் கதையாகப் போய்விடும். நாக்கு விஷத்தையும் சொல்லாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம்தான் அது. சேலம் அரசு மருத்துவமனைக்கும் பலரைத் தூக்கி வந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம். வாயில் வைத்தால் சாதாரண சாராயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் குடித்தவர்கள் அவர்கள். வாங்கினவர்களில் பலர் குறைந்த விலைக்காக வாங்கிய தினக்கூலிகள். விலை குறைந்தால் எதில் குறைந்தது என்று கேட்கிற வசதி அவர்களுக்கு இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் விற்றவர்கள்.

விலை உயர்ந்த பக்கத்திலும் மோசடி குறைவில்லை. அமெரிக்காவில் ரூடி குர்னியாவன் என்பவர் வீட்டிலேயே மலிவான ஒயின்களைக் கலந்து, பழைய லேபிள் ஒட்டி, கோடீசுவரர்களுக்கு ஏலத்தில் விற்றார். 2012இல் பிடிபட்டு 2014இல் பத்து வருட சிறைத்தண்டனை பெற்றார். ருசி பார்த்தே அவரைப் பிடித்திருக்கலாமே என்றால், அந்த ஒயினைக் குடித்துப் பாராட்டியவர்கள் ஏராளம். சில பாட்டில்களில், அந்தத் தோட்டத்தில் அந்த வருடத்தில் அந்த ஒயின் தயாரானதே இல்லை என்று தோட்டக்காரரே வந்து சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது. நாக்கு தோற்ற இடத்தில் கணக்குப் புத்தகம் ஜெயித்தது.

இனி நம் கடைக்கு வருவோம்.

கண்ணால் விலை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜவ்வரிசியை விட நல்ல உதாரணம் வேண்டாம். குச்சிக்கிழங்கு விளைகிற, ஆலைகள் ஓடுகிற பூமி இது. வடநாட்டில் விரத நாட்களில் சாபுதானா சமைக்கிறவர்கள் பால் வெள்ளையாக இருந்தால்தான் நல்ல சரக்கு என்று நினைக்கிறார்கள். வெள்ளைக்கு மூட்டைக்கு இவ்வளவு கூட என்று வியாபாரி கொடுக்கிறார். கிழங்கை ஒழுங்காகத் தோல் சீவி, நல்ல தண்ணீரில் கழுவி, பாலைத் தெளியவைத்து எடுத்தால் ஓரளவு வெள்ளை வரும். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். தோலோடு அரைத்து, வெளுக்கிற ரசாயனத்தைப் போட்டால் அதைவிட வெள்ளை சீக்கிரமாக வரும். உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலம் வட்டாரத்து ஆலைகளில் ரசாயனங்களைப் பறிமுதல் செய்த செய்திகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறோம். வெந்த பிறகு இரண்டுக்கும் ருசியில் பேதம் சொல்ல முடியுமா? முடியாது. ருசிக்காக அல்லாமல் நிறத்துக்காகக் கூட்டிக் கொடுத்த காசு, ஒழுங்காக ஆலை ஓட்டினவரைத் தண்டித்தது. சேகோசர்வ் 1981இல் ஆரம்பித்து மாதிரி பார்த்து ஏலம் விடும் முறை வந்ததற்கு இப்படிப்பட்ட விவகாரங்களில் அர்த்தம் இருக்கிறது.

நெய்யும் அப்படியே. ராசிபுரம் நெய் என்று பெயர் சொல்லி வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்குவது நமக்குப் பெருமை. ஆனால் அவர்கள் எதைப் பார்த்து விலை மதிக்கிறார்கள்? மஞ்சளாக இருந்தால் உசத்தி என்கிறார்கள். மஞ்சள் நிறம் பசு தின்ற பச்சைத் தீவனத்தால் வருவது. எருமை நெய் சுத்தமாக இருந்தாலும் வெளுப்புதான். மணல் மணலாக இருந்தால் அசல் என்கிறார்கள். காய்ச்சின நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மணல் கட்டும், சட்டென்று குளிர வைத்தால் வழவழவென்று உறையும். இது ஆறின விதம், அசலுக்குச் சாட்சி அல்ல. நாக்குக்கு நிஜமாகவே தெரிகிற விஷயங்கள் வேறு: தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயா, பாலேட்டிலிருந்து நேராக எடுத்ததா, இளம் பதத்தில் இறக்கினதா, சிவக்கக் காய்ச்சினதா, இறக்கும்போது முருங்கைக்கீரை போட்டதா, எல்லாவற்றுக்கும் மேல், காய்ச்சி எத்தனை நாள் ஆயிற்று. சிக்கு வாடை அடிக்கிற நெய்யைக் குழந்தையும் ஒதுக்கிவிடும். இதில் எதையும் டப்பாவின் விலை சொல்வதில்லை.

கலப்படத்தையும் நாக்கை நம்பி விட்டுவிட முடியாது. அந்தக் காலத்தில் நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிக்க, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். உருக்கிய நெய்யில் அமிலமும் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், வனஸ்பதி இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும். இன்றைக்கு வேறு எண்ணெய் கலந்தால் இந்தச் சோதனை உதவாது. பரிசோதனைக் கூடத்தில்தான் பார்க்க வேண்டும். ஆகவே தரத்துக்கு அக்மார்க் முத்திரையும் கூடத்து அறிக்கையும், ருசிக்கு நாக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

நாக்கைக்கூட ஒழுங்காகக் கேட்க ஒரு முறை இருக்கிறது. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் 1940களில் பழக்கத்துக்கு வந்தது. மூன்று டம்ளர் வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நன்றாயிருக்கிறது என்று கேட்பது அதற்குப் பிறகு. வித்தியாசமே தெரியாதவர் எது உசத்தி என்று சொல்வதில் அர்த்தம் இல்லை அல்லவா? குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். அதனால் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டதை வைத்து நம்பக் கூடாது. ஐந்து தடவையும் தொடர்ந்து சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 243இல் ஒரு வாய்ப்புதான். அப்போது நம்பலாம்.

நமது மண்டியில் இதை நெய்யில் செய்து பார்த்தோம். வேலையாட்கள், கணக்குப்பிள்ளை, சரக்கு எடுக்க வந்த சில்லறைக் கடைக்காரர்கள் எல்லோரும் கலந்து கொண்டார்கள். ஆறு மாதம் கிடந்த நெய்யையும் புது நெய்யையும் எல்லோரும் பிரித்துச் சொன்னார்கள். சிவக்கக் காய்ச்சினதையும் பெரும்பாலோர் கண்டுபிடித்தார்கள். ஆனால் பிரபலமான இரண்டு டப்பா நெய்கள், விலையில் நல்ல வித்தியாசம் உள்ளவை, அவற்றை ஐந்து தடவையும் பிரித்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. வருடக்கணக்கில் அந்த விலை உயர்ந்த டப்பாவைத் தவிர வேறு தொட மாட்டேன் என்று சொல்லும் ஒரு நண்பரும் அதில் இருந்தார். அவர் இன்றைக்கும் அதைத்தான் வாங்குகிறார். அது அவர் இஷ்டம்.

இப்போது தர்மசங்கடத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் தீபாவளி சமயத்தில் ஒரு கம்பெனி ரெப் வந்தார். வழக்கமான டப்பாவோடு, தங்க நிற மூடி போட்ட புது ஜாடி ஒன்றையும் காட்டினார். கிலோவுக்குக் கணிசமாகக் கூட, நமக்கு மார்ஜினும் இரட்டிப்பு. உள்ளே இருப்பதில் என்ன விசேஷம் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "ஜாடிதாங்க விசேஷம்" என்றார். உள்ளதைச் சொன்னதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நாம் எடுக்கவில்லை. அந்த வருடம் ஸ்கீமும் போயிற்று, பக்கத்துக் கடையில் அந்த ஜாடி நன்றாகவே ஓடிற்று.

அந்த ஜாடியை விற்பதே பாவம் என்பது நம் வாதம் அல்ல. சீர்த்தட்டில் வைக்க, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒருவர் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அவர் வாங்குவது மரியாதையை. அதற்கு ஜாடி தேவைதான். ஆனால் மாதச் சம்பளத்தில் நூறு கிராம், இருநூறு கிராம் என்று குழந்தைக்குச் சோற்றில் பிசைந்து போட வாங்குகிற அம்மாவிடம், இது ருசி கூட என்று சொல்லித் தலையில் கட்டுவது வேறு. விலையைச் சொன்னால் அவர் நாக்குக்கும் ருசி கூடலாம். அந்த மூளைப்படம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் ருசிக்குக் கொடுத்த காசில், அடுத்த வாரம் பருப்பு அரைக்கிலோ குறையும். அந்தக் கணக்கு நம் பற்று வரவு ஏட்டிலேயே தெரிகிற கணக்கு. அப்படிப்பட்டவர் கேட்டால், "இரண்டும் போன வாரம் வந்த சரக்குங்க, குறைஞ்சதை எடுத்துட்டுப் போங்க, பிடிக்கலைன்னா டப்பாவைத் திருப்பிக் கொண்டாங்க" என்று சொல்கிறோம். திரும்பி வந்த டப்பாக்கள் மிகச் சில.

வருகிற பண்டிகைக் கொள்முதலுக்கு முன் ஒவ்வொருவரும் தம் கடையில் நெய்யிலும் டீத்தூளிலும் இந்த மூன்று டம்ளர் சோதனையைச் செய்து பார்க்கலாம். நெய்யை ஒரே சூட்டில் உருக்கிக் கொள்ளவும். நிறம் காட்டிக் கொடுக்காமல் கண்ணைக் கட்டிவிடவும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெந்நீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லவும். ஊற்றுகிறவர் ஒருவர், கேட்கிறவர் வேறு ஒருவராக இருக்க வேண்டும். ஊற்றினவர் முகமே விடையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு தடவையும் டம்ளர்களின் வரிசையை மாற்றி வைக்கவும். டம்ளர் அடியில் எண் போடும்போது பெயிண்டால் போடவும். நெய் பட்டால் பேனா மை அழிந்துவிடுகிறது.